கல்லில் பொறித்த பெயரும் தறியில் மறைந்த பெயரும்

தியானப் பகுதி: யாத்திராகமம் 35:20–35, மாற்கு 12:41–44, யாக்கோபு 5:4



அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பெயரை நம் பிள்ளைகளும் அறிவர். அந்தப் பெயருக்குப் பின்னால் நம் சோழமண்டலக் கரையில் சேர்ந்த செல்வம் இருப்பதை அறிவீர்களா?

எலிகு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராயிருந்தார். அங்கே 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த மரியாள் ஆலயத்தில் பதிவான முதல் திருமணம் இவருடையதே. சொந்த வணிகத்தால் பெருஞ்செல்வம் சேர்த்தார். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளின் நடுவே பதவி இழந்தார். 1680களில் அக்கோட்டையிலிருந்து மனிதர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டபோது ஆட்சிக்குழுவில் அவர் அமர்ந்திருந்தார். 1688இல் அவ்வணிகம் தடைசெய்யப்பட்டது மெய்யே. ஆனால் அதற்குமுன் கப்பலேறியவர்களை அத்தடை மீட்கவில்லை.

போதகர்களை உருவாக்கக் கனெக்டிகட்டில் 1701இல் தொடங்கிய பள்ளியொன்று பணமின்றித் தவித்தது. பாஸ்டனின் புகழ்பெற்ற போதகர் காட்டன் மேதர் 1718இல் யேலுக்குக் கடிதம் எழுதி, உதவினால் உம் பெயரையே அது தாங்கும் என்று ஆசை காட்டினார். ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 நூல்களும், ஜார்ஜ் மன்னரின் படமும் வந்தன. சரக்கு சுமார் 562 பவுனுக்கு விற்றது. பள்ளி யேல் ஆயிற்று. அடிமைத்தனத்தோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக அப்பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

செல்வந்தன் பெயர் தேடுவது புதிதன்று. அந்தப் பெயரை விலைபேசியவர் ஒரு போதகர் என்பதே என்னை உறுத்துகிறது. அவர் செய்ததை இன்று நம் சபைகளும் செய்கின்றன. மின்விசிறியின் இறக்கையில் உபயம், குழல்விளக்கில் உபயம், பிரசங்கபீடத்தின் முகப்பில் உபயம். ஜெபிக்கத் தலையை உயர்த்தினால் கொடுத்தவரின் பெயர்தான் கண்ணில் படுகிறது. தேவனுக்குக் கொடுத்ததற்கு இது எதற்கு ரசீது?

"பெயர் போடாவிட்டால் கொடுக்கமாட்டார்கள்" என்பீர்கள். அப்படியானால் அவர்கள் கொடுக்கவில்லை, பெயரை வாங்குகிறார்கள். "எண்ணாகமம் 7இல் காணிக்கை கொடுத்த பிரபுக்களின் பெயர்கள் உள்ளனவே" என்பீர்கள். பன்னிருவரும் ஒரே அளவே கொடுத்தார்கள். ஒருவன் பெயர் மற்றவன் தலைக்குமேல் ஏறவில்லை.

ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டிய நாளை நினையுங்கள். பொன்னும் வெள்ளியும் மெல்லிய நூலும் திரளாய் வந்தன. கொண்டுவந்த ஒருவர் பெயரையும் யாத்திராகமம் 35 சொல்லவில்லை. கர்த்தர் பேர்சொல்லி அழைத்தது பெசலெயேலை. அவனோடு நியமித்தது அகோலியாபை. நெசவும் சித்திரத்தையலும் அறிந்த கைகள் அவை. நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. காணிக்கைப் பெட்டியருகே ஆண்டவர் மெச்சிய விதவையின் பெயரும் நமக்குத் தெரியாது, தேவனுக்குத் தெரியும்.

ஆரணியில் வாழும் உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுமா? சேலைப் பெட்டியில் கடையின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. குழித்தறியில் கால் இறக்கி, பாவோடு ஊடை சேர்த்து, சரிகை கோத்தவரின் பெயர் எங்கே? அது சந்தையின் வழக்கம். ஆலயத்தின் வழக்கமும் அதுவாகலாமா?

இன்னும் கண்டிப்பாய்ச் சொல்கிறேன். நெய்தவனுக்குக் கூலி பாக்கி வைத்துவிட்டு ஆலயத்துக்குப் பளிங்குக்கல் கொடுப்பவர் தம் பெயரைக் கல்லில் வாசிக்கட்டும். பரலோகம் வாசிப்பது கணக்குப் புத்தகத்தை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. அவர் வயல் அறுத்தவர்களைச் சொன்னார். தறி மிதிப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

ஆகவே, சபையாரே, யாருக்காவது கூலி நிலுவை இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தீர்த்துவிடுங்கள். பிறகு காணிக்கையோடு வாருங்கள். பெயரை வீட்டில் விட்டு வாருங்கள். இனி ஆலயப் பொருள்களில் பெயர் பொறிப்பதில்லை என்று சபைக் கமிட்டியில் தீர்மானம் கேளுங்கள்.

ஜெபம்: மறைவில் காண்கிற பிதாவே, மனிதர் வாசிக்கும் பெயருக்காக ஏங்கும் எங்கள் இருதயத்தைச் சுத்திகரியும். பெயரற்ற கைகளின் உழைப்பை மதிக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.