அக்னிவீரர்களும் பசந்தர் போரும்: 16 மெட்ராஸ் பட்டாலியனின் கதை இப்போ ஏன் முக்கியம்?

அக்னிபத் திட்டத்தின் முதல் அணி, 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தது. அவர்களின் நான்கு ஆண்டு சேவை 2026 இறுதி, 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அதில் அதிகபட்சம் 25% பேரைத்தான் ராணுவம் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். மீதிப் பேர் சுமார் ரூ.11.7 லட்சம் சேவா நிதியோடு வீடு திரும்ப வேண்டும்.

திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர் பக்கம் 1.6 கி.மீ. ஓட்டத்துக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு இது வேலை பற்றிய கேள்வி. ஆனா இதுக்குள்ள இன்னொரு கேள்வியும் இருக்கு. ஒரு பட்டாலியன் போர்க்களத்தில் எதை நம்பி நிற்கிறது?

1971-ல் என்ன நடந்தது?

டிசம்பர் 15 இரவு. பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையைப் பிடிக்க வேண்டும். ஆற்றை ஒட்டிக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. 47-வது காலாட்படை பிரிகேடின் 16 மெட்ராஸ் பட்டாலியன், லாலியல், சராஜ் சக் பகுதிகளைக் கைப்பற்றியது. பக்கத்தில் ஜர்பாலைப் பிடித்தது 3 கிரெனேடியர்ஸ்.

மறுநாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்துவிட்டது. ஆனா மேற்கில் சண்டை ஓயவில்லை. பிடித்த இடத்தை மீட்க, பாகிஸ்தான் டாங்கிகளோடு திரும்பத் திரும்பத் தாக்கியது. 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய், இந்தச் சண்டையில் உயிரிழந்தார். பட்டாலியன் பின்வாங்கவில்லை. அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

இதே பசந்தர் போரில்தான் பூனா ஹார்ஸின் 21 வயது அருண் கேதர்பால், 3 கிரெனேடியர்ஸின் மேஜர் ஹோஷியார் சிங் ஆகிய இருவரும் பரம்வீர் சக்ரா பெற்றார்கள். அந்தப் பெயர்கள் தெரிந்த அளவுக்கு, 16 மெட்ராஸின் பெயர் நம்ம ஊர்லயே பலருக்குத் தெரியாது.

'தெற்கத்திக்காரன் சண்டைக்கு ஆக மாட்டான்' என்றது யார்?

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வரலாறு 1758-ல் தொடங்குகிறது. அந்தக் காலத்து மெட்ராஸ் ராணுவத்தை வைத்துத்தான் ஆங்கிலேயர்கள் மைசூருடன் மோதினார்கள். 1783, 1790 என இரண்டு முறை திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்ததும் அந்தப் போர்களில்தான்.

ஆனால் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குல'க் கொள்கை வந்தது. வடக்கே சில சமூகங்கள்தான் சண்டைக்குப் பிறந்தவை என்றது அந்தக் கொள்கை. அதன் முக்கிய ஆதரவாளர் லார்டு ராபர்ட்ஸ், மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாகவே இருந்தவர். விளைவு, 1920களில் மெட்ராஸ் காலாட்படையின் முழுநேர பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும், 1941 முதல் மறுபடியும் அதே தெற்கில் ஆள் எடுத்தார்கள். அந்த வீரர்கள் பர்மா காடுகளில் ஜப்பானியர்களோடு போரிட்டார்கள்.

தேவையில்லை என்றால் கலைப்பது, தேவை வந்தால் கூப்பிடுவது. இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு ஆள்சேர்ப்பு மாற்றம் எதுவுமே சின்ன விஷயமாகத் தெரியாது.

அக்னிபத்தால் எது மாறுது?

2022 ஜூன் 14-ல் திட்டத்தை அறிவித்தபோது மத்திய அரசு சொன்ன முக்கியக் காரணம், படையின் சராசரி வயது. 32-ல் இருந்து 26 ஆகக் குறையும் என்றார்கள். இளமையான படை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு அறிவிப்பு, 'அனைத்திந்திய, அனைத்துப் பிரிவு' ஆள்சேர்ப்பு. அதாவது, காலப்போக்கில் எந்த ரெஜிமென்ட்டிலும் எந்த மாநிலத்தவரும் சேரலாம். அதிகாரிகளுக்கு இது ஏற்கெனவே உண்டு. 'அமரன்' பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மேஜர் முகுந்த் வரதராஜன் தமிழர், ஆனால் ராஜ்புத் ரெஜிமென்ட் அதிகாரி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் ஒரே சாதிக்கான படை இல்லை. ஐந்து தென்மாநிலங்களில் இருந்தும் எல்லா சாதி, மதத்தவரும் ஒன்றாகச் சேர்ந்துதான் பணியாற்றுகிறார்கள். அதனால் கலப்பு என்பது இங்கே பெரிய அச்சம் இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

காலத்தில்தான். இளம் வீரனுக்குப் பக்கத்தில் பல ஆண்டு அனுபவமுள்ள நாயக், ஹவில்தார் நிற்பார்கள். தளபதி விழுந்த பிறகும் பட்டாலியன் நிற்க வேண்டும் என்றால், அந்த அனுபவமும் ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கமும் தேவை. நான்கு ஆண்டுகளில் பயிற்சிக்காலமும் அடக்கம். அந்தப் பழக்கம் ஊறும் நேரத்தில் 75% பேர் வெளியேறினால், நாளைய ஹவில்தார்களைத் தேர்ந்தெடுக்க மீதமுள்ள கால்வாசிப் பேர் மட்டும்தான் இருப்பார்கள்.

அதனால் முதல் அணியில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்ற எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு அறிவித்த இடஒதுக்கீட்டில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே வேலை கிடைக்கிறது என்பதையும் பார்க்கணும். விண்ணப்பம் போடப் போகும் திண்டுக்கல் பையன் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.