கூரைப் பணத்தில் கூரை இல்லாத கார்

சீட்டுப் பணம் கைக்கு வந்தால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா சகோதரிகளே? போன ஆனி மாதம் எங்கள் வீட்டில் அப்படி ஒரு களை வந்தது. இருபது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிய சீட்டு. தள்ளு போக ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். அதற்கு வேலையும் காத்திருந்தது. பின்கட்டில் அத்தை படுக்கிற அறைக்கு இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். ஐப்பசி பிறந்தால் நாலு இடத்தில் குண்டான் வைத்தாக வேண்டும். "இந்த மழைக்குள்ளே காங்கிரீட் போட்டுடலாம் அத்தை" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "ஒரு கார் பார்த்திருக்கேன்" என்றார் என் கணவர்.

கார் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். வீட்டில் ஐந்து பேர். ஒன்பது வயதுப் பெண், இரண்டு வயதுப் பையன், அத்தை, நாங்கள் இருவர். இருப்பதோ ஒரு ஸ்கூட்டர்.

"எத்தனை பேர் உட்காரலாம்?"

"ரெண்டு பேர்."

"மீதி மூணு பேர்?"

பதில் இல்லை.

"ஏ.சி. உண்டா?"

"மேலே கூரையே கிடையாது. காத்து தானா வரும்" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது.

வெளியூர் சகோதரிகளுக்காக ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான் வண்டலூர். இன்றைக்கு வண்டலூர் என்றால் எல்லோருக்கும் மிருகக்காட்சிசாலைதான் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் கார்தான் ஞாபகம் வரும். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1961 முதல் அங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் செய்தார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. இத்தாலிக்காரரான மிக்கெலாட்டி வரைந்த வடிவம். 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். பிறகு 1972ல் 'கெஸல்' வந்தது. 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. அந்தப் பெரிய கார் சரியாகப் போகவில்லை. 1980களின் முடிவில் கார் உற்பத்தியே நின்று போயிற்று.

என் மாமனார் அங்கே பாடி ஷாப்பில் வேலை பார்த்தவர். வேலை போனபோது என் கணவருக்கு எட்டு வயது. எத்தனையோ கார்களை முடுக்கி அனுப்பியவர், தமக்கென்று ஒரு கார் வாங்காமலே போய்ச் சேர்ந்தார். இப்போது இவர் பார்த்து வைத்திருப்பது அந்த ஹெரால்டுதான். யாரோ அதன் கூரையை எடுத்துவிட்டு, பின் சீட்டை மூடி, சிவப்பு வண்ணம் அடித்து, 'ஸ்போர்ட்ஸ் கார்' ஆக்கியிருக்கிறார்கள். விலை இரண்டேகால் லட்சம்.

"பார்த்துட்டு வரலாம், வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன். ஆசையைக் கேலி செய்தால் அது வீம்பாகிவிடும். இது பதினைந்து வருஷக் குடித்தனத்தில் நான் படித்த பாடம்.

கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு ஷெட்டில் நின்றிருந்தது அந்தக் கார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்த்ததும் எனக்கே பிடித்துவிட்டது! குட்டியாய், குங்குமச் சிவப்பாய், பொம்மை மாதிரி. தரகர் சாவியைக் கொடுக்க, இவர் என்னை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சுற்று வந்தார். காற்று முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிரித்தேன். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பி வருவதற்குள் இரண்டு விஷயம் புத்தியில் பட்டது. ஒன்று, என் முந்தானை. பறந்து பறந்து கதவுக்கு வெளியே போயிற்று. இசடோரா டங்கன் என்ற உலகப் புகழ் பெற்ற நடன மாது 1927ல் பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரில் திறந்த காரில் போனபோது, கழுத்தில் சுற்றியிருந்த நீளத் துணி சக்கரத்தில் சிக்கி உயிரே போயிற்று. நம் முந்தானையும் துப்பட்டாவும் அந்தத் துணிக்கு எந்த விதத்தில் குறைச்சல்? ஸ்கூட்டரில் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள்.

இரண்டாவது, பையன். அவனை எங்கே உட்கார வைப்பது? "உன் மடியிலதான்" என்றார் இவர். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவது எந்தக் காரிலும் கூடாது. சடக்கென்று பிரேக் போட்டால் தாயின் கை எவ்வளவு இறுக்கினாலும் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம், இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். இந்தக் காரில் பெரியவர்களுக்கே பெல்ட் இல்லை. வெயில் வேறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலிலேயே காட்டக் கூடாது என்பார்கள் டாக்டர்கள். நம் ஊர் உச்சி வெயிலில் கூரை இல்லாமல் போனால் பெரிய பிள்ளைக்கே மயக்கம் வரும்.

ஷெட்டுக்குத் திரும்பியதும், "ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுங்க" என்றேன். தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் சார்கிட்ட பேசிட்டேன்மா" என்றார். சாரிடம் பேசினால் என்ன, மளிகைப் பில்லைக் கூட்டிப் பார்க்கிறவள் நான்தானே! வாங்கிப் பார்த்தேன். வண்டியின் வகை 'சலூன்' என்று இருந்தது. சலூன் என்றால் கூரையுள்ள கார். நிறம் வெள்ளை. உட்காருகிறவர்கள் நாலு பேர். எதிரே நிற்பதோ கூரையில்லாத, சிவப்பான, இரண்டு பேர் கார்.

வழியில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தங்கச்சி, கம்பெனி செஞ்ச மாதிரி இல்லாம வண்டியோட அமைப்பை மாத்தக் கூடாது. சட்டத்துல 52ஆம் பிரிவு. 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆர்.சி. ஒண்ணு, வண்டி ஒண்ணுன்னா எஃப்.சி. எப்படி ஆகும்? நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்ஷூரன்ஸ்காரன் எப்படிப் பணம் குடுப்பான்?" என்றார்.

அவரே இன்னொன்றும் சொன்னார். அசல் இரண்டு சீட் கார் வேறு ஜாதி. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, 1962ல் இங்கிலாந்தில் 'ஸ்பிட்ஃபயர்' என்று ஒரு கார் செய்தார்கள். கூரை இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்த கார் அது. நம் நாட்டிலும் 1990களின் கடைசியில் 'சான் ஸ்டார்ம்' என்று, ஃபைபர் உடம்பும் ரெனோ எஞ்சினுமாக, இரண்டு சீட் திறந்த கார் ஒன்று வந்தது. ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப் போனால் அதை வாங்குவதில் தப்பில்லை. உதிரி பாகத்துக்குத்தான் அலைய வேண்டும். கூரையோடு செய்த காரை நடுவில் அறுத்தால், தூணை எடுத்த வீடு மாதிரி ஆட்டம் காணும் என்றார்.

இதையெல்லாம் கேட்டபடி இவர் வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது. அன்று ராத்திரி தோசைக்கல் மட்டும்தான் பேசியது. "எனக்குன்னு இத்தனை வருஷத்துல என்ன கேட்டேன்?" என்றார் இவர். அது வாஸ்தவம்தான். அதுதான் என் வாயை அடைத்தது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும், "அந்தக் கார் போட்டோ இருந்தா காட்டுடா" என்றார். செல்போனில் காட்டினார் இவர். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"மேலே என்னடா ஆச்சு?"

"வெட்டி எடுத்துட்டாங்கம்மா. ஸ்டைலுக்கு."

"உங்கப்பா அந்தக் கூரையைத்தான்டா மாட்டுவாரு" என்றார் அத்தை. "ஒரு கார்ல தண்ணி ஒழுகுதுன்னு திரும்பி வந்தா, அன்னிக்கு சோறு இறங்காது அவருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து தம் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். என் கணவர் போனை அணைத்துவிட்டு, வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போகவில்லை.

காலையில் அவரே, "சிமெண்டு என்ன விலை விக்குதுன்னு விசாரிக்கவா?" என்றார்.

பத்தாயிரத்தில் ஏழாயிரம்தான் திரும்பி வந்தது. அதுவும் நாலு தடவை நடந்தபின். ரசீது வாங்காத தண்டனை மூவாயிரம். உங்களுக்கு அந்த நஷ்டம் வரக் கூடாது என்பதற்காக, மெக்கானிக் அண்ணன் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துத் தருகிறேன். சாதாரண செகண்ட் ஹாண்ட் கார் வாங்குகிறவர்களுக்கும் இது உதவும்.

1. முதலில் ஆர்.சி., பிறகுதான் வண்டி. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், நிறம், வகை, சீட் எண்ணிக்கை எல்லாவற்றையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள்.

2. பாங்கு அல்லது ஃபைனான்ஸ் கடன் ஆர்.சி.யில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ம், பாங்கின் கடிதமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்து வந்த வண்டி என்றால் படிவம் 28.

3. வண்டிக்கு வயது பதினைந்தைத் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025ல் இன்னும் ஏறியது. வாங்கும் விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

4. ஐம்பது வயதான கார்களுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு 2021ல் வந்தது. ஆனால் உடம்பும் சட்டமும் அசலாக இருந்தால்தான் அது கிடைக்கும். அப்படிப் பதிந்த காரைத் தினமும் கடைக்கு எடுத்துப் போகவும் கூடாது.

5. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குறை தெரியாது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

6. கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கம் எத்தனை வண்டி மூழ்கிற்று என்பது உங்களுக்கே தெரியும். சீட்டுக்கு அடியில் வண்டல், துரு, பூசண வாடை இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

7. கூரை இல்லாத கார் என்றால் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் அடிச்சட்டம் தளர்ந்திருக்கிறது. துணிக் கூரை இருந்தால் மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெட்கப்படவே வேண்டாம்.

8. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களுக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. குழாய் மாற்றும் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. அட்வான்ஸ் கொடுத்தால், "பேப்பர் சரியில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் கூரை போட்டாயிற்று. ஐப்பசியில் முதல் மழை ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டியது. பழக்கதோஷம், குண்டானை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். அத்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் டார்ச்சோடு எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார் இவர். விளக்கை மேலே அடித்து, மூலைக்கு மூலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழுகலை" என்றார்.

மாமனாரின் தொழிற்சாலை அடையாளச் சீட்டை அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, சட்டம் போட்டு, அந்த அறையில் மாட்டியிருக்கிறோம். இவர் பெயரில் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குப் புதிதாக ஒரு சீட்டும் போட்டிருக்கிறேன். "இது எதுக்கு?" என்று கேட்டார். "கூரையோட ஒரு ஹெரால்டு கிடைச்சா பார்க்கலாம்" என்றேன். அதில் நாலு பேர் உட்காரலாம். ஐந்தாவது ஆளை என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது யோசனை தோன்றினால் எழுதுங்களேன்!