பூஸ்டர் வாங்குமுன் மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள்

எஸ்ஓ-50 செயற்கைக்கோளைக் கேட்க முயலும் பிள்ளைகள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "சார், நல்லா கேட்டுச்சு, திடீர்னு போயிடுச்சு." உடனே யாராவது பூஸ்டர் வாங்கச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

2002இல் ஏவப்பட்ட அந்தச் சின்னக் கோள் 436.795 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவது கால் வாட்தான். பலவீனம் உண்மை. ஆனால் நடுநடுவே குரல் மறைய முக்கியக் காரணம் போலரைசேஷன். பள்ளியில் தளவிளைவு என்று படித்தோமே, அதுதான். கோள் உருள, அதன் ஆன்டெனாவும் திரும்புகிறது; நின்ற அலை படுத்து வருகிறது. அயனிமண்டலமும் தன் பங்குக்குக் கொஞ்சம் முறுக்கும். நம் யாகி அலைக்குக் குறுக்கே நின்றால் நூறில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. ஆன்டெனாவில் நுழையாததைப் பூஸ்டர் எங்கிருந்து கொண்டுவரும்?

யாகியைக் கோளை நோக்கியே வைத்து, மணிக்கட்டை மெல்லத் திருப்புங்கள். தொண்ணூறு பாகைக்குள் ஓரிடத்தில் குரல் எழும். பிளஸ் டூவில் மாலஸ் விதியை எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை அதைக் காதால் கேட்கும் இடம் அது. இதைப் பறித்துவிட்டுப் பெட்டியை விற்பதுதான் எனக்குக் கோபம்.

மாடியில் நிரந்தரமாக நிறுத்துவதென்றால் வட்டத் தளவிளைவு ஆன்டெனா நல்லது, மறுக்கவில்லை. எப்படித் திரும்பினாலும் கேட்கும். பதிலுக்கு 3 டெசிபல், அதாவது பாதித் திறன், போகும். பழகும் பிள்ளைக்குப் பழைய டேப் மெஷரை வெட்டி பிவிசி குழாயில் கட்டிய யாகியே போதும்.