கோல்ஃப் புல்லும் வேளச்சேரித் தண்ணியும்

குளிர் நாடுகளில் இலையுதிர்காலக் கடைசியில் கோல்ஃப் மைதானத்துப் புல்தரையில் ஓட்டை போட்டு, மணல் தூவி, வடிகாலைச் சரிசெய்வாங்க. மழைத்தண்ணி உள்ளே நிக்காம வெளியே ஓடணும், அவ்வளவுதான். நம்ம பக்கம் அந்த நேரம் ஐப்பசி, கார்த்திகை. ஓடுற தண்ணி யார் வீட்டுக்குப் போகும்?

கிண்டியைப் பாருங்க. குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவில் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். நிலம் அரசாங்கத்தோடது. 1945-லிருந்து 99 வருடக் குத்தகை, ரேஸ் கிளப்புக்கு, 160 ஏக்கர். ஒப்பந்தப்படி வருட வாடகை 614 ரூபாய் 13 பைசா! 99 வருடத்துக்கும் பெருக்கிப் பார்த்தேன், 60,799 ரூபாய் வருது. (பி.காம் படிக்கிறது இதுக்காவது உதவுதே.) 2024 செப்டம்பரில் அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறையணும்னு அந்த மழைக்காலத்திலேயே மாநகராட்சி அங்கே நாலு குளம் வெட்டியது.

அய்யோ, மைதானம் போச்சேன்னு சிலருக்கு வருத்தம். ஏன் சார், கோல்ஃபில் குளம் இருக்கிறது வழக்கம்தானே? பந்து விழுந்தா ஒரு ஸ்ட்ரோக் அபராதம். வேளச்சேரிக்காரருக்கு ஃப்ரிட்ஜ், பைக், கட்டில் எல்லாம் அபராதம்.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் என்னன்னு கேக்கலாம். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் இங்கே 46 செ.மீ.க்கு மேல் கொட்டுச்சு. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. அதனாலதான் கேக்கறேன்.

வழக்கு எப்படி முடிஞ்சாலும் சரி, யார் கோல்ஃப் ஆடினாலும் சரி, அந்த நாலு குளத்தையும் மூடாதீங்க. வருஷா வருஷம் புரட்டாசியில் தூர் மட்டும் வாருங்க.