விற்பதா, வைத்திருப்பதா?

2025-ஆம் ஆண்டு அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலைப் பொழுதில், அம்பத்தூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு அமர்ந்தவர், நெடுநேரம் பேசாதிருந்து பின் கேட்டார்: “சாமி, ஒரு காரை நேசிப்பது பாவமா?”

காரைப் பற்றி எழுதும் பக்கமா இது என்று வாசகர் வியக்கக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம்.

அவரிடம் இருந்தது 1967-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவுகள் கொண்டது. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் உருவாகி, நம் சென்னைச் சாலைகளில் வலம் வந்த வண்டி. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த வடிவம் அது. முன்மூடி முழுவதும், சக்கரங்களை மூடும் தகடுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஆங்கிலேயர் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயக் காரைச் செய்தனர். சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாள்களில் ஹெரால்டுகளும் அங்கே ஓடின. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்திய தம் தந்தையோடு, அந்தப் பந்தயங்களைக் காண அந்தக் காரிலேயே சென்றவர் நம் பெரியவர். அந்த இரைச்சலையும் புழுதியையும் சொல்லும்போது அவர் எழுபது வயதை மறந்துவிட்டார்.

மகனோ, “உதிரிப் பாகத்திற்குப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குவது போதும்; இதை விற்றுவிட்டுப் புது மாடல் வாங்குவோம்” என்கிறான். பழைய கார்களைச் சேகரிக்கும் கோயம்புத்தூர் அன்பர் ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். சிறிய கார்களுக்கான வரியும் செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்துவிட்டது. என்ன செய்வது?

நாம் குருக்களுக்கே உரிய விரைவோடு விடை கூறினோம். பற்றின்மையைப் பேசினோம். ஆண்டவரிடம் வந்து, தன் உடைமையை விட மனமின்றி வருத்தத்தோடு திரும்பிய செல்வந்த இளைஞனை நினைவூட்டினோம். 2013 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், குருமாணவரையும் துறவற நவசந்நியாசிகளையும் சந்தித்தபோது, புத்தம்புது மாடல் காரில் செல்லும் குருவையோ கன்னியரையோ காண்பது தமக்கு வேதனை தருவதாகக் கூறியதையும் எடுத்துரைத்தோம். சொல்லி முடித்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நம் ஸ்கூட்டரை மாற்றிப் புதியதொன்றை வாங்கி அப்போது ஏழே மாதங்கள் ஆகியிருந்தன. பழையதில் பழுதொன்றுமில்லை, நிறம் சற்று மங்கியிருந்தது, அவ்வளவே. அதுவோ வாசலில், பெரியவரின் குடைக்கருகில்தான் நின்றது.

அவர் போனபின் இன்னொன்றும் உறுத்தியது. 1964-இல் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு வந்த ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய வெண்ணிற லிங்கன் காரை அன்னை தெரசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதைக் குலுக்கல் பரிசாக்கித் தொழுநோயாளருக்குப் பணம் திரட்டினார். திருத்தந்தை பிரான்சிசுக்கு 2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனம் பந்தயக் கார் ஒன்றைப் பரிசளித்தது. அவர் அதை மந்திரித்து, கையொப்பமிட்டு, ஏலத்திற்கு அனுப்பினார். ஈராக்கில் வீடிழந்த கிறிஸ்தவர்களுக்கும் பிற எளியோருக்கும் அப்பணம் போயிற்று. மேடைகளில் இவற்றை நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் நேற்று வந்த பரிசை இன்று ஈவது ஒன்று. தந்தையின் கை பட்ட ஸ்டியரிங்கை அறுபது ஆண்டுகளை நெருங்கும் வேளையில் விடுவது முற்றிலும் வேறு. இதே திருத்தந்தை 2013 செப்டம்பரில், வெரோனாவின் முதிய குரு ஒருவர் மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓட்டிய 1984-ஆம் ஆண்டு ரெனோ காரை மகிழ்வோடு பெற்றுக்கொண்டார். பழைய கார் மீது அன்பு வைப்பது பாவமென்று அவர் எங்கும் கூறவில்லை.

குருமடத்தில் கற்ற புனித இஞ்ஞாசியாரின் தியானமொன்று அன்றிரவு நினைவுக்கு வந்தது. பத்தாயிரம் பொற்காசுகள் ஈட்டிய மூவகை மனிதர். முதல் வகையினர் பற்றை விட விரும்புவர். சாகுமட்டும் ஒன்றும் செய்யார். இரண்டாம் வகையினர் பற்றையும் விட வேண்டும், காசும் கையில் இருக்க வேண்டும் என்பர். தாம் நிற்குமிடத்திற்கே இறைவன் வந்துவிட வேண்டும் அவர்களுக்கு. மூன்றாம் வகையினரோ வைத்திருப்பதையும் விடுவதையும் முன்கூட்டியே முடிவு செய்யாமல், எது இறைவனுக்கு மேலான ஊழியம் என்று தெரியும் வரை காத்திருப்பர். பெரியவர் முதல் வகை, மகன் இரண்டாம் வகை என்று பிரித்துப் பார்த்து நிறைவடைந்தோம். நம்மை எவ்வகையிலும் சேர்க்கவில்லை.

நவம்பர் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கப் புறப்பட்டபோது, பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. அது அப்பெரியவரின் மனைவியுடையது. சேர்த்தவர்கள் மரியாயின் சேனையினர்; கணவர் அல்லர். வீட்டினுள் சென்றோம். அம்மையாருக்கு முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஐந்து மாதங்களாக ஞாயிறு திருப்பலிக்கு அவர் வரவில்லை. பெண்கள் பக்கத்து மூன்றாம் வரிசை காலியாயிருந்ததை நாமும் கவனிக்கவில்லை.

“வீட்டில் கார் இருக்கிறதே, அம்மா?” என்றோம்.

“அதில் உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி, சாமி. எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். கோயில் வாசலில் எல்லாரும் பார்க்க எதற்கு என்று நின்றுவிட்டேன்.”

“மகன் புது வண்டி பார்த்திருப்பதாகச் சொன்னாரே?”

“அதில் ஏற ஏணி வேண்டும்.” சிரித்தார். “படத்தைக் காட்டினான். மேலே கூரை திறக்குமாம். எனக்கு எந்த வண்டி ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லையே.”

கணவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அந்த மழை மாலையில் நாமும் அவரும் ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினோம். மிக்கெலோட்டியின் பெயர் வந்தது, சோழவரம் வந்தது, திருத்தந்தையர் வந்தனர். இந்த அம்மையார் வரவேயில்லை. அதை அவரும் அப்போதுதான் எண்ணியிருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உடனே மனம் மாறிற்று என்று எழுதினால் அது கதையாகிவிடும். முதலில் அவர் ஹெரால்டின் முன்னிருக்கைக்கு அடியில் மரப்பலகை கொடுத்து உயர்த்திப் பார்த்தார். அம்மையாரின் தலை கூரையில் இடித்தது. திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் மூவருமாகப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள விற்பனைக் கூடங்களுக்குச் சென்றனர். விற்பனையாளர் திரையையும் பின்புறக் காமிராவையும் விளக்கிக்கொண்டிருக்க, அம்மையார் ஒவ்வொரு காரிலும் உட்கார்ந்து, எழுந்து, அடுத்ததற்கு நடந்தாராம். இடுப்பளவில் இருக்கை அமைந்த ஒரு சிறு காரில் யார் கையும் பிடிக்காமல் எழுந்துவிட்டார். மகனுக்கு முகம் வாடிற்று. கூரை திறக்காத கார் அது.

ஹெரால்டு சனவரியில் கோயம்புத்தூருக்குச் சென்றது. அதை லாரியில் ஏற்றிய நாளில் நாமும் போயிருந்தோம். இஞ்ஞாசியாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் அழுதபோது தோளில் கைவைத்து நின்றோம். அன்று இரவு அவர் உண்ணவில்லை என்று அறிந்தோம். வெறுமையான கொட்டகையை இன்னும் நாள்தோறும் பெருக்கி வருகிறார். புதிய கார் தெருவில் நிற்கிறது.

அம்மையார் மறு ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்கு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்தார். நம் மறையுரை முன்னைவிட நீண்டுவிட்டது என்று வீட்டில் சொன்னாராம்.