குற்றாலச் சாரலும் அஞ்சாம் வகுப்பு அறிவியலும்

அக்கா மக தென்காசியில அஞ்சாவது படிக்கிறா. சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அவ அறிவியல் நோட்டைப் புரட்டினேன். ஆவியாதல், மேகம், மழைன்னு அம்புக்குறி போட்டு அழகா ஒரு படம். "நம்ம ஊர்ல ஜூன் மாசம் ஏன் சாரல் அடிக்குது?"ன்னு கேட்டேன். "அது பாடத்துல இல்ல மாமா"ன்னுட்டா.

பிள்ளைய குறை சொல்ல முடியாது மக்களே. தமிழ்நாடு முழுசுக்கும் ஒரே புத்தகம். அதுல எங்க ஊர் எப்படி வரும்? வகுப்புலதான் வரணும்.

தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல் ஈரத்தை அள்ளிட்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில ஏறும்போது குளிர்ந்து, கேரளா பக்கமே கொட்டித் தீர்த்துடுது. மலைக்கு இந்தப் பக்கம் பல ஊருக்கு வறண்ட காத்துதான். ஆனா செங்கோட்டை - ஆரியங்காவுகிட்ட மலையில ஒரு கணவாய் இருக்கு. அது வழியா ஈரக்காத்து நுழையறதாலதான் எங்களுக்குச் சாரல். அதே காத்து கிழக்கே போகப்போக ஈரம் குறைஞ்சு காத்தாடி மட்டும் சுத்துது. தென்காசியில இருந்து ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினா போதும், கண்ணால பாத்துடலாம். (ஜன்னல் சீட்டு கிடைக்கணும், அது வேற கதை.)

இது வெறும் மார்க்கு விஷயம் இல்லைங்க. 2024 மே 17 அன்னைக்கு பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போயி இறந்துட்டான். அருவிக்கரையில மழையே இல்லாட்டியும் மேல மலையில கொட்டினா, பாறையில தண்ணி நிக்காம சில நிமிஷத்துல கீழ இறங்கிடும். தண்ணி கலங்கி வந்தா, சத்தம் மாறினா உடனே ஏறிடணும். இத்தனை அருவி இருக்கிற ஊர்ல நீர்ச்சுழற்சிப் பாடத்துக்கு அடுத்த வரியே இதுவா இருக்கணும்.

அரசு எதுவும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். 2022ல வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் சின்ன வகுப்புகளுக்கு நல்ல விஷயம், ஆனா அதோட கவனம் தமிழ், ஆங்கிலம், கணக்கு. அதே வருஷம் நவம்பர்ல ஆரம்பிச்ச வானவில் மன்றம் சோதனைகளோட பள்ளிக்கூடத்துக்கே வருது, ஆனா 6 முதல் 8 வரைக்கும்தான். நடுவுல 3, 4, 5 படிக்கிற பசங்க? "ஏன்? ஏன்?"னு நம்ம உயிரை எடுக்கிற வயசே அதுதானே!

காசு பெருசா வேண்டாம். நேரான பக்கம் உள்ள ஒரு பாட்டில், கழுத்தை வெட்டிக் கவுத்து வச்சா மழைமானி. பக்கத்துல ஒரு ஸ்கேல். வானிலைத் துறை மாதிரியே காலை 8.30க்கு அளந்து எழுதணும். செங்கோட்டையில ஒண்ணு, தென்காசியில ஒண்ணு, ஆலங்குளத்துல ஒண்ணு. டீச்சருங்க தினமும் போன்ல எண்ணை மாத்திக்கிட்டா, மழை மறைவுப் பகுதின்னா என்னன்னு ஆகஸ்டுக்குள்ள பசங்களே சொல்லிடுவாங்க.

அக்கா வீட்டு மாடியில ஒண்ணு வச்சாச்சு. செங்கோட்டை, ஆலங்குளம் பக்கம் தொடக்கப்பள்ளி டீச்சர் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. பாட்டில் என் செலவு.