அழித்தபின் அருமை

பழைய கார்களைப் பற்றிப் பேசுவோர் முதலில் கேட்பது, "உலகில் எத்தனை எஞ்சியுள்ளன?" என்பதே. எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறுகிறது. விலை ஏற ஏறப் புகழும் ஏறுகிறது. மெர்சிடிஸ் நிறுவனம் 1955இல் இரண்டே இரண்டு செய்த 300 எஸ்.எல்.ஆர். கூப்பே கார்களுள் ஒன்று, 2022இல் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. உலகம் வியந்தது. ஆனால், அரியது என்பதனாலேயே ஒன்று பெரியது ஆகிவிடுமா? ஒரு வண்டி எவ்வாறு அரியதாயிற்று என்று கேட்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960களில் 55 டர்பைன் கார்களை உருவாக்கியது. பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்கும் எஞ்சின் அதில் இல்லை. எரிந்த வாயுவின் விசையால் சக்கரம் சுழலும் எஞ்சினே இருந்தது. இயங்கும் உறுப்புகள் மிகக் குறைவு. டீசலிலும் ஓடும், மண்ணெண்ணெயிலும் ஓடும். 1963 முதல் 1966 வரை 50 கார்களைப் பொதுமக்கள் 203 பேர் முறைவைத்து ஓட்டிப் பார்த்தனர். 10 லட்சம் மைலுக்கு மேல் அவை ஓடின. சோதனை முடிந்ததும் நிகழ்ந்தது என்ன? 46 கார்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை ஒன்பதே. இன்று அந்த ஒன்பதையும் "கிடைத்தற்கரியவை" என்று போற்றுகின்றனர். அழித்த கையே அருமையையும் படைத்தது!

அந்த வண்டி எரிபொருளை மிகுதியாகக் குடித்தது, மிதித்தவுடன் விரையவில்லை, ஆதலால் தோல்வியுற்றது என்பர். குறை இருந்தது உண்மை. குறையுள்ளதெல்லாம் அழிக்கத்தக்கதா? மாணவன் தவறாகப் போட்ட கணக்கை நல்லாசிரியர் கிழித்தெறிவதில்லை. எந்தப் படியில் வழி தவறினான் என்பதை அதிலிருந்தே காட்டுகிறார். தோற்ற சோதனையும் அத்தகைய ஏடுதான். ஏட்டைக் கொளுத்திவிட்டுப் பாடம் நடத்த முடியுமா?

இப்பாடத்தை அத்தொழிலுலகம் கற்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996 முதல் 1999 வரை ஈ.வி.1 என்னும் மின்சாரக் கார்கள் 1,117 செய்தது. அவற்றை விற்காமல் வாடகை ஒப்பந்தத்திலேயே கொடுத்தது. பின்னர், விலைக்கு வாங்க விரும்பியோர்க்கும் மறுத்து, வண்டிகளைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கியது. சில, இயக்கம் முடக்கப்பட்டு, அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றன. இன்று மின்சாரக் கார்கள் பல நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றின் முன்னோடியோ ஓடாப் பொம்மையாய் நிற்கிறது.

உதிரி உறுப்புகள் கிடையா, விபத்து நேர்ந்தால் பொறுப்பு ஏற்க இயலாது என்று காரணம் கூறுவர். பொதுமக்களிடம் விடாமைக்கு அது காரணம் ஆகலாம். நசுக்குவதற்குக் காரணம் ஆகுமா?

புதுமை காண முயன்ற வண்டிகளுள் சிலவற்றையேனும் ஓடும் நிலையிலேயே பொதுக் கூடங்களில் காக்க வேண்டும். மாணவர் எஞ்சினின் ஓசையைக் கேட்க வேண்டும்; அதன் குறையையும் காண வேண்டும். ஏலக்காரன் கூறும் விலை ஒருவனது செல்வத்தை அளக்கும், அறிவை அளக்காது. அழித்துவிட்டு அருமை பேசுவது பெருமையன்று, அறியாமை.